தோன்றா எழுவாய்

"இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டும்!"

சொன்னவன் நான். சொன்ன இடம் வகுப்பறை. சிறுமி ஒருத்தியைச் சிதைத்துக் கொன்ற கொடியவன் ஒருவனைப் பற்றிய செய்தியை அன்று காலை நாளேட்டில் படித்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தேன். நெஞ்சு கொதித்தது. கொதித்தது வாய் வழியே வழிந்தது. மாணவர்கள் தலையசைத்தனர், சிலர் கைதட்டவும் செய்தனர். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான்.

"யார் சார் போடுவாங்க?" என்று கேட்டான்.

"அரசாங்கம்" என்றேன்.

"அரசாங்கம்னாலும் ஒரு ஆள்தானே சார் கயித்தை மாட்டணும்? நீங்க மாட்டுவீங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துச் சமாளித்தேன் என்பதே உண்மை. மணி அடித்தது. நான் தப்பினேன். ஆனால், அந்தக் கேள்வியிடமிருந்து தப்ப முடியவில்லை.

எழுவாய் எது, பயனிலை எது என்று நாள்தோறும் பிள்ளைகளைக் கேட்பவன் நான். என் வாக்கியத்திலேயே எழுவாய் இல்லை என்பதை ஒரு சிறுவன் சுட்டிக்காட்டிவிட்டான். 'தூக்கில் போட வேண்டும்'. யார் போட வேண்டும்? சொல்லிலே வெளிப்படாமல், பொருளிலே மறைந்து நிற்பதைத் தோன்றா எழுவாய் என்பர் இலக்கணம் அறிந்தோர். என் வாக்கியத்தில் மறைந்து நின்ற எழுவாய் யார்? அரசனா, அமைச்சனா, நீதிபதியா, கூலிக்குக் கயிறு இழுக்கும் ஏழையா? அல்லது நானா?

இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்த நாட்களில், நண்பர் ஒருவர் வீட்டில் 'பியர்பாயிண்ட்' என்னும் ஆங்கிலப் படத்தைக் கண்டேன். ஏட்ரியன் ஷெர்கோல்டு இயக்கி 2005-ஆம் ஆண்டு வெளிவந்த படம். முழுக் கற்பனை அன்று. ஆல்பர்ட் பியர்பாயிண்ட் என்ற மனிதர் ஒருவரின் வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் தூக்குமேடைகளிலே 1932 முதல் உதவியாளராகவும், 1941 முதல் தலைமைப் பொறுப்பிலும் இருந்து, 1956-இல் விலகியவர் அவர். அவர் கையால் மாண்டவர் 435 பேருக்குக் குறையமாட்டார்கள் என்பர். 600 வரை கணக்கிடுவோரும் உண்டு.

கோரைப்பல்லும் கொடுவாள் மீசையும் கொண்ட உருவத்தை எதிர்பார்த்து அமர்ந்தேன். திரையில் வந்தவரோ மளிகைச் சரக்கை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுக்கும் எளிய மனிதர். மனைவியிடம் அன்புடையவர். மாலையில் மதுவிடுதியில் நண்பரோடு சேர்ந்து பாடுகிறவர். திமதி ஸ்பால் என்ற நடிகர் அவரை நம் பக்கத்து வீட்டுக்காரராகவே ஆக்கிக் காட்டுகிறார். அரக்கன் ஒருவன் கயிற்றை இழுத்தான் என்றால் நாம் நிம்மதியாக உறங்கலாம். நல்லவர் ஒருவர் இழுத்தார் என்று காட்டும்போதுதான் உறக்கம் கலைகிறது.

* * *

யார்க்‌ஷயரில் 1905-இல் பிறந்தவர் பியர்பாயிண்ட். தந்தை ஹென்றி தூக்கிலிடும் தொழில் செய்தவர். பெரியப்பா தாமசும் அதே தொழில். தந்தை பணிக்குக் குடித்துவிட்டு வந்து சண்டையிட்டதால் 1910-இல் விலக்கப்பட்டார். ஆயினும் அந்த வீட்டில் அத்தொழில் இழிவாக எண்ணப்படவில்லை, பெருமையாகவே பேசப்பட்டது. 'பெரியவனானதும் என்ன ஆக விரும்புகிறாய்?' என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது, 'அரசாங்கத்தின் தூக்கிலிடுபவன் ஆவேன்' என்று எழுதினானாம் சிறுவன் ஆல்பர்ட்.

ஆசிரியனாகிய என்னை இந்தச் செய்தி நடுங்க வைத்தது. தந்தை செய்த தொழிலையே தனயனும் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டுச் சொன்னால் எதிர்த்து நிற்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால், எவரும் சட்டம் போடாமலே, வீட்டுத் திண்ணைப் பேச்சே பாடமாகி, தந்தையின் பழைய குறிப்பேடே வழிகாட்டியாகி, ஒரு பிள்ளை தன் தொழிலைத் தேர்ந்துகொள்கிறானே, அதை எப்படி எதிர்ப்பது? கொலையையும் ஒரு குடும்பம் கைத்தொழிலாகக் கருதும் என்றால், மனிதன் எதைத்தான் பழகிக்கொள்ள மாட்டான்?

அந்தத் தொழிலை அவர் எவ்வளவு திறமையாகச் செய்தார் என்பதைப் படம் விரிவாகக் காட்டுகிறது. முதல் நாளே சிறைக்கு வந்துவிடுவார். தூக்குக் கைதி அறியாதபடி, கதவிலுள்ள சிறு துளை வழியே அவனைப் பார்ப்பார். உயரம் என்ன, எடை என்ன, கழுத்து வலியதா மெலியதா என்று அளந்துகொள்வார். எடைக்குத் தக்கபடி எத்தனை அடி விழ வேண்டும் என்பதற்கு அரசாங்கம் வகுத்த அட்டவணை உண்டு. கயிறு குறைந்தால் மூச்சுத் திணறி, துடித்துச் சாவான்; மிகுந்தால் தலையே துண்டாகும். இரண்டும் பழைய நாளில் நிகழ்ந்தவையே. அவற்றைத் தவிர்க்கவே அந்தக் கணக்கு. மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு, கயிறு பின்னர் நீளாதபடி பார்த்துக்கொள்வார். கைதி நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பார்.

கைதியின் அறையிலே ஒரு அலமாரி இருக்கும். துணி வைக்கும் அலமாரி என்று அவன் எண்ணியிருப்பான். மறுநாள் காலை குறித்த மணி அடித்ததும் பியர்பாயிண்ட் உள்ளே வருவார். கைகளைப் பின்னால் சேர்த்து வாரால் கட்டுவார். அலமாரி நகரும். அதன் பின்னே கதவு! கதவுக்கு அப்பால் தூக்குமேடை! அத்தனை நாளும் சாவின் வாசலுக்கு அருகிலேயே அவன் உண்டு உறங்கியிருக்கிறான். சில அடி நடை, முகத்தில் வெண்துணி உறை, கழுத்தில் சுருக்கு, ஒரு இழுப்பு. எல்லாம் இருபது நொடிக்குள் முடியும். 1951-இல் மாஞ்செஸ்டரில் ஜேம்ஸ் இங்கிலிஸ் என்பவனைத் தூக்கிலிட ஏழே நொடிதான் ஆயிற்றாம். கரும்பலகையில் நான் தேதியை எழுதி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஒரு உயிர் முடிந்துவிட்டது.

முடிந்த பிறகு? அங்கேதான் படம் நம்மைக் கலங்க வைக்கிறது. உயிரோடு இருந்தபோது எவரும் தொட அஞ்சிய உடலை அவர் மெல்ல இறக்குகிறார், கழுவுகிறார், மரியாதையோடு கிடத்துகிறார். 'செய்த குற்றத்துக்கு விலை கொடுத்தாயிற்று. இனி இந்த உடல் குற்றமற்றது' என்பது அவர் கொள்கை. எவரையும் வையமாட்டார். வதைக்கமாட்டார். கைதி செய்த குற்றம் என்ன என்று கேட்கவும் விரும்பமாட்டார்.

* * *

தோழர்களே! இது நற்பண்புதானே? சாகப் போகிறவனைத் துன்புறுத்தாமல் சாகடிப்பது இரக்கம்தானே?

இரக்கம்தான், மறுக்கவில்லை. குடித்துவிட்டு வந்து தடுமாறுகிறவன் கையில் சாவதைவிட, பியர்பாயிண்ட் கையில் சாவது மேல். ஆனால், அந்த இரக்கம் யாருக்குப் பயன்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். கைதிக்குப் பயன்பட்டது சில நொடி. அரசாங்கத்துக்குப் பயன்பட்டதோ பல்லாண்டு! 'பாருங்கள், எவ்வளவு விரைவாக, தூய்மையாக, நாகரிகமாக முடித்துவிட்டோம்!' என்று பெருமை பேச அது உதவிற்று. 'எப்படிக் கொல்வது?' என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை அவ்வளவு நேர்த்தியாக இருந்தமையால், 'ஏன் கொல்வது?' என்ற கேள்வி எழாமலே போயிற்று.

இது என் கற்பனை அன்று. 1949-இல் பிரிட்டிஷ் அரசு மரண தண்டனை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. எர்னஸ்ட் கவர்ஸ் அதன் தலைவர். தண்டனையை எந்த அளவுக்குக் குறைக்கலாம், மாற்றலாம் என்று ஆராயலாம். அதை அடியோடு ஒழிப்பது சரியா என்ற கேள்வி மட்டும் அந்தக் குழுவின் வரம்புக்குள் வைக்கப்படவில்லை! பியர்பாயிண்ட்டும் அதன் முன் சாட்சி சொன்னார். கயிற்றைப் பற்றிக் கேட்டனர். கணக்கைப் பற்றிக் கேட்டனர். அறிக்கை 1953-இல் வந்தது. பிறகு நடந்ததுதான் வியப்பு. குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே கவர்ஸ், 1956-இல் ஒரு நூல் எழுதி, மரண தண்டனையே ஒழிய வேண்டும் என்றார். கேட்கக் கூடாது என்று விலக்கி வைத்த கேள்வியை அவர் மனம் விலக்கவில்லை.

பியர்பாயிண்ட் மனம் என்ன செய்தது? அவர் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். சிறைக்குள் நுழையும்போது, மளிகை வண்டிக்காரரும் இல்லை. மனைவியின் கணவரும் இல்லை. பாட்டுப் பாடும் நண்பரும் இல்லை. கடமை செய்யும் கை மட்டும் உள்ளே போயிற்று. 'நான் கொல்லவில்லை, சட்டம் கொல்கிறது. நான் கருவி.' இந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதா? உறவினரைக் கொல்ல மாட்டேன் என்று வில்லைக் கீழே போட்டவனிடம், 'நீ கருவி மட்டுமே, கடமையைச் செய்' என்று தேரோட்டி சொன்ன கதையைத் தத்துவம் என்று போற்றிப் படிக்கும் நாடல்லவா இது! கடமை என்ற சொல்லுக்குள் கையை நுழைத்துக்கொண்டால் கறை ஒட்டாது என்ற நம்பிக்கை, எந்த நாட்டிலும் எந்த வேடத்திலும் வரும்.

அந்த நம்பிக்கைக்கு வரலாறே ஒரு சோதனை வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பெல்சன் முகாமில் மனிதரைப் பட்டினியாலும் நோயாலும் கொன்று குவித்தவர்களைப் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 'மேலிடத்து ஆணை, நாங்கள் நிறைவேற்றினோம்' என்ற வாதம் அங்கே எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆணைக்குப் பணிந்தேன் என்பது கொலைக்கு மன்னிப்பு ஆகாது என்றது. 1945 டிசம்பர் 13-ஆம் நாள், ஜெர்மனியின் ஹாமெல்ன் சிறையில், முகாம் தலைவன் ஜோசப் கிரேமர், 22 வயதுப் பெண் இர்மா கிரேசே உள்ளிட்ட 13 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். தூக்கிலிட்டவர் பியர்பாயிண்ட். அதன்பின் 1949 வரை அவர் கையால் தூக்கிலிடப்பட்ட போர்க் குற்றவாளிகள் ஏறத்தாழ 200 பேர்.

'ஆணைப்படி செய்தேன்' என்று சொன்னவர்களை, ஆணைப்படி தூக்கிலிட்டார் அவர்!

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவுடைமை ஆகாது. பச்சிளங் குழந்தைகளைக்கூட விசாரணையின்றி அழித்த கொடுமை வேறு. வழக்குரைஞர் வாதாட, சாட்சிகள் பேச, தீர்ப்பு எழுதி நிறைவேற்றும் தண்டனை வேறு. அவர்கள் செய்தது மாபாதகம். ஆனால், அந்த மாபாதகத்திலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு அல்லவா? கையைச் செய்கையிலிருந்து பிரிக்க முடியாது. ஆணையின் பின்னே மனிதன் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே அந்தப் பாடம். பகைவனுக்கு ஓதிய பாடத்தை நமக்கு நாமே ஓதிக்கொள்ளக் கூடாதா?

* * *

இனி, அந்தக் கை செய்த வேலையைப் பாருங்கள்.

லண்டனில் திமதி எவன்ஸ் என்று ஓர் இளைஞன். எழுத்தறிவு மிகக் குறைந்தவன். அவன் மனைவியும் பச்சிளம் பெண் குழந்தையும் கொல்லப்பட்டுக் கிடந்தனர். மகளைக் கொன்றான் என்று அவன் மீது வழக்கு. அவனுக்கு எதிரான முதன்மைச் சாட்சி, அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. 1950 மார்ச் 9-ஆம் நாள், பென்டன்வில் சிறையில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான். மூன்றாண்டு கழிந்தது. அந்த வீட்டின் சுவரிலும் தோட்டத்திலும் பெண்களின் உடல்கள் அகப்பட்டன. கொலைகாரன் வேறு யாருமல்லன். சாட்சி சொன்ன கிறிஸ்டி! எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று அவன் ஒப்புக்கொண்டான். 1953 ஜூலை 15-ஆம் நாள், அதே பென்டன்வில் சிறையில் கிறிஸ்டி தூக்கிலிடப்பட்டான். இரண்டு முறையும் கயிற்றை மாட்டியவர் பியர்பாயிண்ட்.

அதே சிறை, அதே கை, அதே நேர்த்தி! நிரபராதிக்கும் பாதகனுக்கும் கயிறு ஒரே மாதிரிதான் வேலை செய்தது. 1966-இல் எவன்ஸுக்கு அரசு மன்னிப்பு வழங்கிற்று. செத்தவன் பெயரால் ஒரு தாள் வந்தது. பெற்றுக்கொள்ள அவன் இல்லை.

டெரிக் பென்ட்லி இன்னொருவன். வயது 19. அறிவு வளர்ச்சி குன்றியவன். காவலரைச் சுட்டவன் அவன் அல்லன்; உடன் சென்ற 16 வயதுத் தோழன். சுட்டவனுக்குத் தூக்கிலிட வயது போதாது. ஆகவே சுடாதவனைத் தூக்கிலிட்டனர்! இரக்கம் காட்டுமாறு ஜூரிகள் பரிந்துரைத்தனர். உள்துறை அமைச்சர் மனம் இரங்கவில்லை. 1953 ஜனவரி 28-ஆம் நாள் பென்ட்லியின் கழுத்திலும் பியர்பாயிண்ட்டே சுருக்கை மாட்டினார். 45 ஆண்டுகள் கழித்து, 1998-இல், அந்தத் தீர்ப்பே தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கிற்று. தவறாகச் சிறையிட்டவனை விடுவிக்கலாம், வருந்தலாம், ஈடு தரலாம். தவறாகத் தூக்கிலிட்டவனை என்ன செய்வது?

'போகட்டும், தவறு எங்கும் உண்டு. ஆனால், தூக்கு இருந்தால்தானே கொலைகாரர் அஞ்சுவர்?' என்பார்கள். அதற்கும் இந்தப் படத்திலேயே விடை இருக்கிறது.

போருக்குப் பின் பியர்பாயிண்ட் ஒரு மதுவிடுதி நடத்தினார். அதன் பெயர், 'போராடும் ஏழைக்குக் கைகொடு' என்று பொருள்படுவது! அங்கே வாடிக்கையாக வரும் ஜேம்ஸ் கார்பிட் அவரோடு சேர்ந்து பாடுவான். இருவரும் ஒருவரையொருவர் 'டிஷ்', 'டாஷ்' என்று செல்லப்பெயரிட்டு அழைத்துக்கொள்வர். ஒருநாள் அந்தக் கார்பிட், தான் நேசித்த பெண்ணைக் கொன்றுவிட்டான். 1950 நவம்பர் 28. மாஞ்செஸ்டர் சிறை. கதவைத் திறந்து உள்ளே போகிறார் பியர்பாயிண்ட். செல்லப்பெயரால் அழைக்கிறான் நண்பன். செல்லப்பெயராலேயே மறுமொழி சொல்லி, கைகளைக் கட்டுகிறார் இவர்.

தூக்குத் தண்டனை எவனையாவது அச்சுறுத்தித் தடுத்திருக்க வேண்டுமானால் கார்பிட்டை அல்லவா தடுத்திருக்க வேண்டும்? தூக்குமேடையை ஏட்டிலே படித்தவன் அல்லன் அவன். தூக்கிலிடும் மனிதரின் தோளில் கைபோட்டுப் பாடியவன்! அவனையே தடுக்காத கயிறு வேறு எவனைத் தடுக்கும்?

படத்திலே இந்த இடத்தில்தான் பியர்பாயிண்ட் உடைந்து போகிறார். வாசலில் விட்டுவந்த மனம், அன்று மட்டும் அவரோடு உள்ளே வந்துவிட்டது. நான் கண் கலங்கினேன். ஆனால், உண்மை வரலாறு திரைக்கதையைவிடக் கடுமையானது. அதற்குப் பிறகும் ஐந்தாண்டுக்கு மேல் அவர் அந்தத் தொழிலை விடவில்லை. பென்ட்லியும் கிறிஸ்டியும், 1955-இல் ரூத் எல்லிஸ் என்ற பெண்ணும் அதற்குப் பின் அவர் கையால் மாண்டவர்களே. 1956-இல் அவர் விலகியது மனச்சான்று உறுத்தியதால் அன்று. தூக்கிலிடச் சென்ற இடத்தில் கைதிக்கு உயிர்ப்பிச்சை கிடைத்துவிட்டது. 15 பவுன் கூலிக்குப் பதில் செலவுக்கென்று ஒரு பவுன் தந்தனர். அந்தப் பூசலில் விலகினார். கொல்லப்படாத ஒருவனுக்கான கூலி கிடைக்காததால் முடிந்தது அந்தத் தொழில்!

1974-இல் வெளியிட்ட தன்வரலாற்றில்தான் அவர் மனம் திறந்தார். தாம் தூக்கிலிட்ட எந்த உயிரும் பின்னர் நடக்கவிருந்த எந்தக் கொலையையும் தடுத்ததாகத் தாம் நம்பவில்லை என்றும், பழிவாங்கலைத் தவிர அந்தத் தண்டனை வேறு எதையும் சாதிக்கவில்லை என்றும் எழுதினார். அதற்குள் பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு 1965-இல் நிறுத்தப்பட்டு, 1969-இல் நிலையாக நீக்கப்பட்டிருந்தது. நாடு விட்ட பிறகு கை பேசிற்று.

* * *

அப்படியானால் குற்றவாளி பியர்பாயிண்ட்தானா? அவரைப் பழித்துவிட்டு நாம் எழுந்து போகலாமா?

அதுதான் மிக எளிய வழி. ஆகவே அதுதான் மிகத் தவறான வழி. சங்கிலியைப் பாருங்கள். 'நாங்கள் உண்மை இன்னதென்று மட்டுமே சொன்னோம்' என்பர் ஜூரிகள். 'சட்டம் சொன்னதை நான் படித்தேன்' என்பார் நீதிபதி. 'நீதிமன்றத்தில் குறுக்கிட எனக்குக் காரணம் இல்லை' என்பார் அமைச்சர். 'ஆணை வந்தது' என்பார் சிறை அதிகாரி. 'நான் கருவி' என்பார் தூக்கிலிடுபவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துளி; யார் கையிலும் இரத்தம் இல்லை! ஆனால், மனிதன் மட்டும் செத்துக் கிடக்கிறான்.

இந்தப் பழி நழுவும் வித்தையை மலையாளப் படம் ஒன்று அழகாகக் காட்டியிருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் 2002-இல் அளித்த 'நிழல்குத்து'. விடுதலைக்கு முந்திய திருவிதாங்கூரில் தூக்கிலிடும் தொழில் செய்யும் காளியப்பனின் கதை. தூக்கு ஆணை தருபவர் மன்னர். கொலைப் பாவம் தம்மைச் சேரலாகாதே! ஆகவே மன்னர் கருணையோடு உயிர்ப்பிச்சை அளிப்பார். ஆனால், தூக்கு முடிந்த பிறகே வந்து சேரும்படி அந்த ஓலை புறப்படும்! மன்னருக்குப் புண்ணியம், காளியப்பனுக்குப் பாவம். மானியமும் பெற்றுக்கொண்டு, நிரபராதியைக் கொன்றோமோ என்று குடித்துக் குடித்து அழிகிறான் அவன். ஊர் மக்களோ, தூக்குக் கயிற்றை எரித்த சாம்பலை நோய்க்கு மருந்து என்று அவன் கையாலேயே வாங்கிப் பூசிக்கொள்கின்றனர். பாவத்தை ஏழை தலையில் கட்டும் மதம். சாம்பலில் மருந்து தேடும் மடமை. இங்கிலாந்தில் பாவக் கணக்கு இல்லை. கோப்புக் கணக்கு இருந்தது. வித்தை ஒன்றே.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று நம் இலக்கியத்திலே இருக்கிறது. மதுரையில் கோவலன் வெட்டுண்டான். வெட்டியவன் கல்வியற்ற, குடிவெறி கொண்ட காவலன் ஒருவன். கண்ணகி என்ன செய்தாள்? வாளைப் பிடித்தவனைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தாளா? இல்லை. நேரே அரண்மனை வாயிலுக்குப் போனாள். அவள் கேள்வி, வாளை நோக்கி அன்று. வாளை ஏவிய கோலை நோக்கி. பாண்டியனும், 'வெட்டியவன் நான் அல்லன்' என்று சொல்லவில்லை; 'பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான்' என்று நழுவவில்லை. குற்றம் தன்னுடையதே என்று தன் வாயால் சொல்லி வீழ்ந்தான். ஆராயாது ஆணையிட்டது அவன் செய்த பிழை. அந்தப் பிழையின் எழுவாய் தானே என்று ஏற்றது அவன் பெருமை.

இன்று அரண்மனை எங்கே இருக்கிறது? கோல் யார் கையில் இருக்கிறது? முடியரசு போய்க் குடியரசு வந்துவிட்டது என்று முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்? வாக்குச் சீட்டு என் கையில் என்றால் கயிற்றின் மறுமுனையும் என் கையில் என்பதுதானே பொருள்?

* * *

'பெண்ணை இழந்த தாயிடம் போய் இதைச் சொல்வாயா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவள் முன் நின்று அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவன் சாக வேண்டும் என்று அவள் கதறினால், அந்தக் கதறல் நியாயமானது. ஆனால், தாயின் வேதனை வேறு, நாட்டின் சட்டம் வேறு. வேதனையில் துடிப்பவரிடம் தீர்ப்பெழுதும் கோலைத் தராமல் நடுநிலையாளரிடம் தந்ததுதானே நாகரிகத்தின் முதற்படி? அவளுக்கு நாம் கடன்பட்டிருப்பது இன்னொரு பிணம் அன்று. உண்மையான குற்றவாளியைப் பிடிக்கும் காவல்துறை, இழுத்தடிக்காத நீதி, கொடியவன் மீண்டும் வெளியே வந்து தீங்கு செய்யாதபடி வாழ்நாள் சிறை, இன்னொரு சிறுமிக்கு இது நேராத பாதுகாப்பு. இவையெல்லாம் பணமும் உழைப்பும் கேட்பவை. கயிறோ மலிவு! ஆகவேதான் கையாலாகாத அரசுகளுக்குக் கயிற்றின் மேல் காதல்.

'வள்ளுவரே சொன்னாரே!' என்று இன்னொரு குரல் எழும். ஆம், கொடியோரைக் கொலையால் ஒறுப்பது, பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு நிகர் என்று செங்கோன்மை அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். மறைக்க மாட்டேன். ஆனால், எவர் வாயில் கேட்டாலும் பொருளை ஆராய்ந்து உண்மை காண் என்று நமக்குக் கற்பித்தவரும் அவரே. ஆராய்கிறேன். களையைப் பிடுங்கும் உழவன், பயிரையே களை என்று பிடுங்கிவிட்டால் மறுபடி நடலாம். எவன்ஸை மறுபடி நட முடியுமா?

நம் நாட்டுச் சட்டத்தில் தூக்கு இன்னும் இருக்கிறது. ஆங்கில ஆட்சி வகுத்த முறையே, கழுத்தில் தூக்கிட்டு உயிர் போக்கும் முறையே, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. 1983-இல் தீனா வழக்கில், தூக்கிலிடும் முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது அன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது எடுத்து நோக்கிய ஏடுகளுள் ஒன்று, பியர்பாயிண்ட் சாட்சி சொன்ன அந்தப் பிரிட்டிஷ் குழுவின் அறிக்கை. அவருடைய நேர்த்தி கடல் கடந்து நம் நீதிமன்றம் வரை வந்திருக்கிறது! 'எப்படி' என்ற கேள்விக்கு இங்கும் விடை எழுதப்பட்டுவிட்டது. 'ஏன்' என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். 2015-இல் நம் சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றமும் நாட்டின் மீது போர் தொடுக்கும் குற்றமும் நீங்கலாக, மற்றவற்றுக்கு இத்தண்டனையை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. கேள்வி எழுந்துவிட்டது. அதை வளர்ப்பது இளைஞர் கடமை.

படம் பார்த்த மறுநாள் வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசைச் சிறுவனை எழுப்பினேன். அஞ்சி எழுந்தான், திட்டப்போகிறேன் என்று எண்ணினான் போலும்.

"அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் மாட்ட மாட்டேன்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அப்போ, இன்னொருத்தரை மாட்டச் சொல்லலாமா சார்?"

தோழர்களே, அதற்கும் அவனிடம் விடை சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?